நீங்கள் மனிதர் அல்ல

"'பாலாழி தங்கல். கண்ணன் வாங்கிரிச்சு. மூணு நாளா தூண்கள்.' இதுக்கு என்னங்க அர்த்தம்?"

டாக்டரம்மா கணினித் திரையை மூன்றாவது முறையாகப் படித்தார். எத்தனை முறை படித்தாலும் கண்ணன் எதை வாங்கினான் என்று தெரியவில்லை.

"அர்த்தம் இருந்தாத்தானே? இது ரோபோ வேலை," என்றார் பக்கத்தில் நின்ற கணவர். "எந்த ஃபாரத்தைப் பார்த்தாலும் உள்ளே புகுந்து குப்பை கொட்டும். நீ கவலைப்படாதே, நான் பூட்டறேன்."

அவர் பூட்டுக்கடைக்காரர். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையும் சரியான பூட்டு கிடைக்காததால் வந்தவை என்று உண்மையாகவே நம்புகிறவர். மனைவியின் புதிய பல் கிளினிக்குக்கு வலைத்தளம் போட்டு, அதில் முன்பதிவு ஃபாரம் செய்தவரும் அவர்தான். நாலு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார்.

டாக்டரம்மா பதினாலு வருஷம் பெரிய மருத்துவமனையில் ஆளுக்கு எட்டு நிமிஷம் என்று பல் பார்த்தவர். வருகிறவரோடு பேசி, பயத்தைப் போக்கி, நிதானமாக வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டின் கீழ்த்தளத்தில் சொந்தமாக ஆரம்பித்தார். பத்து நாளாகியும் ஒருவர்கூட வரவில்லை. அந்த மருத்துவமனையின் தலைமை டாக்டர் நல்ல மனுஷர். "சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் உங்க இடத்தை வச்சிருப்பேன், வேணும்னா வந்துடுங்க," என்றிருந்தார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் டாக்டரம்மாவுக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

திங்கட்கிழமை முதல் பூட்டு விழுந்தது. 'நான் ரோபோ இல்லை' என்று ஒரு கட்டம். அதில் டிக் அடித்தால்தான் ஃபாரம் நகரும்.

அதுவரை மூன்றாக இருந்த குப்பை செவ்வாய்க்கிழமை ஆறாகியிருந்தது.

"ரோபோ பொய்கூடச் சொல்லுமா?"

"மனுஷன் செஞ்சதுதானே, சொல்லாம இருக்குமா?"

"ஃபாரத்துல நம்பர் போட்டிருக்கே. ஒண்ணுக்கு போன் பண்ணித்தான் பாருங்களேன்."

பண்ணினார். மறுமுனையில் "ழ்ழோ... ம்ம்ஃப்..." என்று ஏதோ குழறியது. பட்டென்று வைத்துவிட்டார்.

"சத்தியமா மெஷின்தான். அதுவும் பழைய மெஷின்."

ரோபோ சுருக்கமாகத்தான் எழுதும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். எனவே 'உங்கள் பிரச்சினையை நூறு எழுத்துக்குக் குறையாமல் விளக்கவும்' என்று அடுத்த பூட்டைப் போட்டார்.

புதன்கிழமை அதே குப்பை நீளமாக வந்தது. ஒன்றில் 'டாக்டர் அம்மா காப்பித்தூள், டாக்டர் அம்மா காப்பித்தூள்' என்று ஒன்பது தடவை இருந்தது.

"பார்த்தியா, விளம்பரம்!" என்றவர், அடுத்ததை மட்டும் மனைவி படிக்கும் முன் கையால் மறைத்தார். "இது வேண்டாம். இது ஒண்ணுதான் தெளிவா இருக்கு. திட்டக் கத்துக்கிச்சு."

"நிஜமான ஆள் யாராவது இருந்துட்டா பாவம் இல்லையா?"

"நிஜமான ஆள் காப்பித்தூளுக்கு ஏன் பல் டாக்டர்கிட்ட வரப்போறான்?"



பிறகு பூட்டுக்காரர், ஃபாரம் நிரப்புகிறவரின் செல்போனுக்கு ரகசிய எண் போகிற மாதிரி செய்தார். இருபது நொடிக்குள் அடிக்காவிட்டால் எல்லாம் அழிந்து முதலிலிருந்து நிரப்ப வேண்டும். ரோபோவை அனுப்புகிறவன் நேரிலேயே வந்துவிட்டால் என்ன செய்வது என்று, வாசல் கதவில் ஒரு பலகையும் தொங்கவிட்டார்: 'முன்பதிவு இல்லாதவர்கள் மணி அடிக்க வேண்டாம்.'

வியாழக்கிழமை குப்பை ஒன்பது. ரோபோ விடாக்கண்டன் என்றால் பூட்டுக்காரர் கொடாக்கண்டன். அகராதியைப் புரட்டிக் கடைசிப் பூட்டைச் செய்தார்.

'கிழவி, கிளவி, கிலவி. இந்த மூன்றில் "சொல்" என்று பொருள் தருவது எது?'

சோதித்துப் பார்க்க டாக்டரம்மாவே உட்கார்ந்தார். கொஞ்சம் யோசித்து, கிழவியைத் தட்டினார். 'நீங்கள் மனிதர் அல்ல' என்றது திரை.

"என் கிளினிக் ஃபாரமே என்னை மனுஷி இல்லைங்குது!"

"கோவிச்சுக்காதே. எனக்கும் அகராதி பார்த்துத்தான் தெரிஞ்சது. ரோபோகிட்ட அகராதி ஏது?"

வெள்ளிக்கிழமை ஒரு குப்பையும் வரவில்லை. பூட்டுக்காரர் மத்தியானம் வரை சந்தோஷமாக இருந்தார். அதற்குப் பிறகுதான் வேறெதுவும் வரவில்லை என்பது அவருக்கு உறைத்தது. சாயங்காலம் கீழே இறங்கி வந்தபோது, டாக்டரம்மா ஏற்கெனவே துடைத்த கருவிகளையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட பல் காட்ட ஒருத்தருக்கும் இஷ்டமில்ல போலிருக்குங்க."



"யாரு சொன்னது? கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு சொத்தைப் பல்லுக்காக உன்கிட்ட ஏழு தடவை வந்தவன் நான். பல்லு ரெண்டாவது தடவையே சரியாப் போச்சு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அந்த நேரத்தில் கணினி 'டிங்' என்றது. முன்பதிவு! கட்டம் டிக் ஆகியிருந்தது. நூறு எழுத்துக்கு இருநூறு எழுத்து, அதில் ஒரு பிழை இல்லை. ரகசிய எண் பதினோரு நொடியில். பதில்: கிளவி. நாளைக் காலை பத்து மணி.

"வந்தாரு பாரு மனுஷர்!" என்று பூட்டுக்காரர் குதித்தார்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சரியாக மணி அடித்தது. பூட்டுக்காரர் கதவை அகலத் திறக்காமல், வந்தவரின் பெயரைச் சரிபார்த்து உள்ளே விட்டு, பழக்கதோஷத்தில் உடனே தாழ் போட்டார். வந்தவர் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தி ஓய்வு பெற்ற பெரியவர்.

டாக்டரம்மா அவரை நாற்காலியில் சாய்த்து, கையை ஆறுதலாகத் தட்டிக்கொடுத்து, விளக்கைத் திருப்பினார்.

"பயப்படாதீங்க. வாயைத் திறங்க."

திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

"ஐயா... பல்செட் வேணுமா?"

"வேண்டாம்மா. பழகிருச்சு."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"கேள்வி அருமையா இருந்துச்சு. எத்தனை காலமாச்சு ஒருத்தர் ளகரத்தைப் பத்தி என்கிட்ட கேட்டு! பதில் எழுதினேன், 'உங்கள் வருகை உறுதி'ன்னு வந்துச்சு. உறுதின்னப்புறம் வராம இருந்தா மரியாதையா?"

டாக்டரம்மா விளக்கை அணைத்தார். செல்போனை எடுத்துத் தலைமை டாக்டரின் எண்ணைத் தேடினார்.  பூட்டுக்காரர் தான் செய்த பூட்டுகள் அத்தனையையும் வாழ்க்கையில் முதல் முறையாக வெறுத்தார்.

பெரியவர் மெல்ல இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"போனை வைங்கம்மா. வாசப்படியில ஒன்பது பேர் கன்னம் வீங்கி உக்காந்திருக்காங்க. அவங்க பேசினா யாருக்கும் புரியாது, பல் போன எனக்குப் புரியுது. வலியில டைப் அடிக்க முடியாம ஒரு வாரமா போன்கிட்ட வாயால சொல்லி, அது காதுல விழுந்தபடி எழுதினதைத்தான் உங்க ஃபாரத்துல அனுப்பினாங்களாம், அவங்களை மனுஷங்களே இல்லைன்னு சொன்ன ஆளையும் ஒரு தடவை பார்க்கணுமாம்."