பின் படலையும் எட்டாம் முடக்கும்

நான் எதிலும் பின்வாங்காதவன். பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்குப் பின்வாங்கத் தெரியாது.

விளக்கமாகச் சொன்னால், என்னுடைய மொறிஸ் மைனர் காரைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது. முன்னுக்குப் போவதென்றால் என்னை மிஞ்ச ஆளில்லை. கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரை கண்டி றோட்டு வகிடு எடுத்த மாதிரிக் கிடக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தேவாரத்தை முழுதாகப் பாடி முடிக்கலாம். றோட்டு வளைகிற இடத்தை முடக்கு என்போம். எங்கள் பக்கத்தில் முடக்கு என்று ஒன்று இருந்தால் அது முழங்காலில் வருகிற வாதம்தான்.

காரை எனக்கு விற்றவர் வவுனியா மஹ்றூப் நானா. ஓட்டப் பழக்கியவரும் அவரே. பின்னுக்கு எடுக்கும் பாடம் எப்போது என்று கேட்டேன்.

"மாஸ்ரர், நல்ல மனிசன் என்னத்துக்குப் பின்னுக்குப் போகணும்?" என்றார்.

அந்தத் தத்துவம் எனக்குப் பிடித்துப்போயிற்று. லைசென்ஸ் சோதனையில் பத்தடி பின்னுக்குப் போகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு போனேன். கார் நேராகப் போய் நின்றது. தெய்வச் செயல். மறுநாள் வீட்டில் அதே தெய்வச் செயலை இன்னொரு தரம் செய்து பார்த்தேன். முன் வாசல் படலைத் தூண் ஒன்று, முருங்கை மரம் ஒன்று, பக்கத்து வளவு ஐயாத்துரை அண்ணையின் சைக்கிள் ஒன்று, ஆக மூன்று உருப்படி போயின.

அந்தக் கிழமையே வளவின் பின்வேலியைப் பிரித்து, கார் அகலத்துக்கு இன்னொரு படலை போட்டேன். முன் படலையால் வருவேன். வீட்டைச் சுற்றிப் பின் படலையால் போவேன். காற்றோட்டத்துக்கு என்று ஊருக்குச் சொன்னேன்.

காற்று வந்தது. காற்றோடு ஐயாத்துரை அண்ணையின் ஆடுகளும் வந்தன. அவ்வளவு பெரிய படலையை எப்படி இழுத்துக் கட்டினாலும் நடுவில் ஓர் ஆட்டின் அகலம் மிஞ்சும். என் மனைவி விமலேஸ்வரி குசினிக்குப் பின்னால் கத்தரி வைத்தாள், போயிற்று. பயற்றை வைத்தாள், போயிற்று. வெண்டி முளைத்த செய்தி எங்களுக்கு எட்டும் முன்பே ஆடுகளுக்கு எட்டிவிட்டது. பாகல் மட்டும் தப்பியது. இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் பாகற்காய்க் கறி.

"இஞ்சாருங்கோ, பின் படலையை அடைப்பமே?"

"காத்து வராது."

"ஆடு வருகுதே."

"ஆடு வந்தால் மண்ணுக்குப் பசளை."

அவள் பாகற்காயை அரியத் தொடங்கிவிடுவாள்.

இப்படியிருக்கும்போதுதான் நான் மலையேறத் தீர்மானித்தேன். பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பிக்கிறவன் நான். பன்னிரண்டு வருஷமாக மண்ணிறச் சோக்கட்டியால் கரும்பலகையில் மலைநாடு கீறியிருக்கிறேன். ஆனால் என் கார் ஏறிய அதியுயர்ந்த இடம் இரணைமடுக் குளக்கட்டு. விமலேஸ்வரியின் தம்பி மயில்வாகனம் றம்பொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். பேரிலேயே வாகனம் வைத்திருப்பவன். கையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. அவன் எழுதியிருந்தான்: "அத்தான், எங்கள் தோட்டத்து றோட்டில் பதினொரு முடக்கு. சமதரைக்காரர் பயந்து, கீழே காரை விட்டுவிட்டு நடந்துதான் வருவார்கள்."

சமதரைக்காரர்! அந்தச் சொல் என்னைக் குத்திவிட்டது. வேலிக்கு மேலால் ஐயாத்துரை அண்ணைக்கு அறிவித்தேன்.

"அண்ணை, ஆவணிப் பள்ளிக்கூட விடுதலைக்கு மலைக்குப் போறன். நானே ஓட்டிக்கொண்டு."

"லேசில்லைத் தம்பி. ஒரு பக்கம் கல்லு, மற்றப் பக்கம் கைலாசம்."

"எடுத்த காரியத்திலை நான் பின்வாங்கின சரித்திரம் உண்டோ?"

"இல்லை," என்றார் அவர், புதுச் சைக்கிளைத் தடவிக்கொண்டு. "அது எனக்குத் தெரியும்."

இதற்குள் விமலேஸ்வரி வந்துவிட்டாள்.

"போவம். ஆனா ஒரு கதை."

"என்ன?"

"இந்தப் பயணத்திலை ஒருக்காலெண்டாலும் காரைப் பின்னுக்கு எடுத்தியளெண்டா, பின் படலையை அடைக்கவேணும்."

"எடுக்காட்டி?"

"எடுக்காட்டி இந்தச் சென்மத்திலை கத்தரிக்காயைப் பற்றி வாய் திறக்கமாட்டன்."

நான் யோசித்தேன். மலையேறுகிறவன் முன்னுக்குத்தான் போவான். இறங்குகிறவனும் முன்னுக்குத்தான் வருவான். பின்னுக்கு என்ற பேச்சு எங்கே வருகிறது? சிரித்துக்கொண்டே சம்மதம் சொன்னேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

அன்று பின்னேரம் அவள் தம்பிக்குக் கடிதம் எழுதினாள். முத்திரை ஒட்டித் தபாலில் போட்டவன் நான்தான்.

விடியப்புறம் வெளிக்கிட்டோம். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த வாகனமும் அந்த இடத்தைத் தாண்டாது. நானும் நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் கடலை வாங்கினேன். விமலேஸ்வரி கண்ணை மூடி நீண்ட நேரம் நின்றாள்.

"என்ன கேட்டனீர்?"

"உங்களுக்கு நல்ல புத்தி."

கண்டியில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கி, மறுநாள் கம்பளை தாண்டினோம். அங்கேதான் றோட்டு தன் குணத்தைக் காட்டியது. நான் கரும்பலகையில் ஒரே இழுப்பாகக் கீறுகிற கோடு, நேரில் அரைமணி நேரம் ஏறிய பிறகும் முடியவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன் எங்களோடு சரிமட்டமாக நின்று கொழுந்து எடுத்த பெண்கள் இப்போது என் கார்ச் சில்லுக்குக் கீழே கையளவில் தெரிந்தார்கள். வானத்திலிருந்து விழுவதுபோல் ஓர் அருவி. மொறிஸ் மைனர் இழுப்பு வருத்தக்காரனைப்போல் மூச்சு வாங்கியது. றேடியேற்றர் கொதிக்க, அருவித் தண்ணீரையே அள்ளி ஊற்றினோம். முதலாம் கியரில் ஒரு முடக்கை வளைத்து முடித்ததும் என் நெஞ்சு அடித்த அடி பயமா, சந்தோஷமா என்று இன்னும் தெரியவில்லை. எட்டு வயதுப் பையனாக மரத்தில் ஏறியபோது அப்படி அடித்தது.

"எப்படி?" என்றேன்.

"நீங்கள் விண்ணன்தான்," என்றாள் அவள். அவள் கண்ணும் பளபளத்தது.

தோட்டத்து றோட்டு பிரிந்தது. ஒரு வாகனம் மட்டும் போகிற அகலம். வலப்பக்கம் மலை, இடப்பக்கம் பள்ளம். ஒவ்வொரு முடக்கிலும் வெள்ளை பூசிய கல்லில் இலக்கம். ஐந்து. ஆறு. ஏழு. ஏழாம் முடக்கில் மட்டும் வாகனம் ஒதுங்கக் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. எட்டாம் முடக்கைத் திரும்பினேன்.

எதிரே லொறி.

தேயிலைப் பெட்டிகள் உச்சிவரை அடுக்கிய லொறி. றைவர் கரையில் ஒரு கல்லில் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து துண்டை உதறினான்.

"வாங்கய்யா. லோடு வண்டிங்க, ரிவர்ஸ்ல ஏறாது. நீங்கதான் கீழ ஏழாம் முடக்கு வரைக்கும் போகணும்."

"ஏறுற வாகனத்துக்கெல்லோ முதலிடம்?"

"சட்டம் சரிதாங்க. லாரிக்குச் சட்டம் தெரியாதுங்களே."

நான் விமலேஸ்வரியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே எனக்குக் கத்தரிப்பூ தெரிந்தது.

"ஐயாவுக்குச் சிரமமா இருந்தா நான் எடுத்துத் தர்றேங்க," என்றான் றைவர்.

தெய்வம் மனித உருவில் வரும் என்பார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு வரும் என்று நான் நினைக்கவில்லை. அவன் பின்னுக்கு எடுத்தால் நான் எடுத்ததாகாது. படலை பிழைத்தது! சாவியை நீட்டக் கையை எடுத்தேன்.

"ஐயையோ, வேண்டாம் தம்பி," என்றாள் விமலேஸ்வரி. "இவர் பின்னுக்கு எடுக்கிறதிலை ஊரிலேயே பேர்பெற்றவர். பாக்கவெண்டே சனம் கூடும்."

அது பொய்யல்ல. தூண் விழுந்த அன்று சனம் கூடியதுதான்.

றைவர் மரியாதையோடு விலகி நின்றான். இனி நான் என்ன செய்வது? விமலேஸ்வரி இறங்கிக் காரின் பின்னால் போனாள். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அவளுடைய நீலச் சேலை மட்டும் தெரிந்தது.

"பொலி!" என்றாள்.

எங்கள் பக்கத்தில் சூடு மிதிக்கிற, அதாவது நெற்கதிர் போரடிக்கிற, களத்தில் மாடுகளை நடத்தச் சொல்லும் சொல் அது. களத்தில் 'போ' என்று சொல்லக்கூடாது, 'நில்' என்று சொல்லக்கூடாது, 'போதும்' என்று சொல்லவே கூடாது. நெல் குறைந்துவிடும். நடக்கவேண்டுமென்றால் பொலி. நிற்கவேண்டுமென்றால் பேசாமல் விடுவார்கள். அவள் வயற்காரர் வீட்டுப் பிள்ளை.

"பொலி… பொலி…"

கார் ஊர்ந்தது. சத்தம் நின்றது. பிரேக்கை அமத்தினேன்.

"பின் சில்லு எந்தப் பக்கம் போகோணுமோ அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கோ. அண்டைக்கு மற்றப் பக்கம் திருப்பினபடியால்தான் தூண் விழுந்தது."

"உமக்கு ஆர் சொன்னது?"

"நான் தூணைப் பாக்கேல்லை. சில்லைப் பாத்துக்கொண்டு நிண்டனான். பொலி!"

திருப்பினேன். கார் கல்லுப் பக்கம் பணிந்து வளைந்தது. பொலி. மௌனம். பொலி, பொலி. மௌனம். என் கல்யாண வாழ்க்கையில் அவளுடைய மௌனத்தை நான் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. றைவர் கையில் ஒரு மரக்கட்டையோடு சில்லை ஒட்டியே நடந்து வந்தான். எட்டாம் முடக்கு வளைந்து முடிந்தது. ஏழாம் இலக்கக் கல் என் பக்கக் கண்ணாடியில் வெள்ளையாக எட்டிப் பார்த்தபோது, வாழ்க்கையில் அவ்வளவு அழகான இலக்கத்தை நான் கண்டதில்லை.

லொறி எங்களைத் தாண்டி இறங்கியது. பெட்டிகள் கலகலவென்று ஆடின. தேயிலை அவ்வளவு கலகலப்பான சாமான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

விமலேஸ்வரி போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். பாதி என் வேட்டியில் ஊற்றுப்பட்டது. அப்போதுதான் அவள் கால்களைப் பார்த்தேன். ஒரு காலில் செருப்பில்லை.

"மற்றச் செருப்பு எங்கை?"

"பள்ளத்துக்கை."

"நீர் பள்ளப் பக்கமே நிண்டனீர்?"

"ஓம்."

"உமக்கென்ன விசரே? கல்லுப் பக்கம் நிண்டிருக்கலாமெல்லோ?"

"கல்லுப் பக்கம் நிண்டா நீங்கள் பள்ளத்தைப் பாத்துப் பயப்பிடுவியள். நான் பள்ளப் பக்கம் நிண்டா என்னைப் பாப்பியள். என்னை இடிக்க உங்களுக்கு மனம் வராது."

மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தேன். சீனி போட மறந்திருந்தாள். இனித்தது.

மயில்வாகனம் வீட்டில் மூன்று நாள் நின்றோம். தோட்டத்து றோட்டில் ஒவ்வொரு நாளும் காரை வலிய எடுத்துக்கொண்டு போய் ஏழாம் முடக்கு, எட்டாம் முடக்கு என்று முன்னும் பின்னும் ஓட்டினேன். கொழுந்துக்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். திரும்பும்போது முறிகண்டியில் இரண்டு தேங்காய் உடைத்தேன். ஒன்று வழக்கமான தேங்காய். மற்றது அந்த லொறியின் பாரத்துக்கு. அது மட்டும் பாரமில்லாமல் வந்திருந்தால் நான் இன்னும் முன்னுக்கு மட்டும் போகிறவனாகவே இருந்திருப்பேன். உண்மையாகவே நன்றி சொன்னேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

வீட்டுக்கு வந்து, முன் படலையால் நுழைந்து, பழக்க தோஷத்தில் வீட்டைச் சுற்றினேன். பின் படலை இருந்த இடத்தில் வரிசையாகக் கிளுவைக் கதியால் தடிகள் நட்டு, இறுக்கி ஓலை வரிந்து கட்டியிருந்தது.

ஐயாத்துரை அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நீங்கள் வெளிக்கிட்ட அண்டே அடைச்சுப்போட்டன் தம்பி. தங்கச்சி சொல்லிப்போட்டெல்லோ போனவா."

"வெளிக்கிட்ட அண்டே?" நான் விமலேஸ்வரியைப் பார்த்தேன். "நான் பின்னுக்கு எடுக்காமல் வந்திருந்தால்?"

"நீங்கள் கெட்டிக்காரன் எண்டு எனக்குத் தெரியும்தானே," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் பின்னால் போனாள். "பொலி!"

வீட்டைச் சுற்றிப் பின்னுக்கே வந்து, முன் படலையால் பின்னுக்கே வெளியே போனேன். தூண் நின்றது. ஐயாத்துரை அண்ணை சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனது அவசியமில்லாத வேலை.

இப்போது கத்தரி காய்க்கிறது. பயற்றை பந்தலேறிவிட்டது. பாகற்காயை நான் கண்டு ஒரு மாதம். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றும்போது பிள்ளையாரையும் நினைப்பேன். மனதுக்குள் அந்த லொறியையும் நினைப்பேன்.

நேற்று மயில்வாகனத்தின் கடிதம் வந்தது. விமலேஸ்வரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கை ஈரமாம். என்னையே உரத்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"அக்கா, கத்தரிக்காய் கிடைத்தது. நல்ல ருசி. நீ எழுதியபடி வெறும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு விடிய எட்டு மணியிலிருந்து எட்டாம் முடக்கில் காத்து நின்ற றைவருக்கும் பாதி கொடுத்தேன். இந்தக் கடிதத்தை அத்தானின் கண்ணில் படாமல் வைத்துக்கொள்."