ஓவர் அண்ணனும் மூன்று ஆப்களும்

ஓர் ஆள் தன்னந்தனியாக ஒரு குடோனில் உட்கார்ந்துகொண்டு, முப்பத்தேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எட்டுப் பேரை நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யவிடாமல் அடிக்க முடியுமா? முடியும். எங்கள் ஓவர் அண்ணன் அதை இருபது வருஷத்துக்கு மேல், லீவு போடாமல் செய்தார்.

எங்களுடையது பம்புசெட் கம்பெனி. ஆபீஸ் திண்டிவனத்தில். மோட்டார்களும் பைப்களும் அடுக்கியிருந்த குடோன் விழுப்புரத்தில், ஊரைத் தாண்டி. ஆபீஸில் முதலாளியையும் சேர்த்து எட்டுப் பேர். குடோனில் ஓவர் அண்ணன் ஒருவர்.

1993இல் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது குடோனில் இருந்த போனில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் சாக்கடை அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம்தான் வருமாம். அதனால் பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். பிறகு போன் மாறியது, செல்போன் வந்தது, டச் போனும் வந்தது. உத்தரவை ரத்து செய்ய முதலாளி மறந்துவிட்டார். “ஸ்டெல்லாம்மா, சாப்டியா? ஓவர்” என்பார். நான் பில் போடுகிறவள். “சாப்ட்டேண்ணே” என்பேன். பதில் வராது. நானும் ‘ஓவர்’ சொல்லும்வரை காத்துக்கொண்டே இருப்பார்.

பேச்சும் ஓவர்தான். ஆகவே பெயர் இரண்டு வகையிலும் பொருந்தியது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு வாடகை ரூம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவக்கரைக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவார். மாதத்தின் மற்ற நாட்களில் அவருக்கு நாங்கள்தான்.

2015 வாக்கில், ஊரே செய்வதைப் போல நாங்களும் போனில் ஒரு குரூப் வைத்திருந்தோம். ஆர்டர் எல்லாம் அதில்தான். காலையில் தாமரைப் பூவோடு ‘இனிய காலை வணக்கம்’ எட்டு வரும். அதற்கு நடுவே குடோனிலிருந்து நேரடி ஒலிபரப்பு.

“8.30. ஷட்டர் தொறந்தாச்சு. ஓவர்.”

“9.10. ஒரு நாய் வந்துது. நம்ம நாய் இல்ல. ஓவர்.”

“9.25. நம்ம நாயும் வந்துடுச்சி. ரெண்டும் மொறைச்சிகினு நிக்குது. ஓவர்.”

ஒருநாள் எங்கள் சேல்ஸ் பாஸ்கர், பெருமுக்கல்லில் ஒரு விவசாயிக்கு அவசரமாக மோட்டார் வேண்டும் என்று குரூப்பில் போட்டார். கூடவே, போன இடத்தில் மலைக்கோயிலையும் படம் பிடித்துப் போட்டார். ஏழு பேர் கோயிலைக் கும்பிட்டார்கள். நாய்ச் சண்டை முடிந்த செய்தியும் வந்தது. மோட்டாரை யாரும் கவனிக்கவில்லை.

நான்கு நாள் கழித்து அந்த விவசாயி நேரே ஆபீஸுக்கு வந்தார். கையிலிருந்த காய்ந்த நிலக்கடலைச் செடி ஒன்றை முதலாளியின் மேஜைமேல் வைத்தார்.

“இது மல்லாட்டைங்க. போன வாரம் பச்சையா இருந்துது” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மோட்டார் அன்றே போனது. முதலாளி எங்களைக் கூப்பிட்டார். “இந்தப் பூவும் வாணாம், நாயும் வாணாம். கம்பெனிக்குன்னு தனியா ஒரு ஆப் பாருங்க. ஏம்மா ஸ்டெல்லா, நீதான் பொறுப்பு. பொழுது சாஞ்சப்புறம் அதுல ஒரு மெசேஜும் வரக்கூடாது, சொல்லிட்டேன்.” அவர் மேல்சித்தாமூர்க்கார ஜைனர். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். உலகமும் அதோடு ஷட்டரை இறக்கிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

நான் விசாரித்து மூன்று ஆப்களைப் பிடித்தேன். ஊதா, நீலம், மஞ்சள் என்று படத்தின் நிறத்தை வைத்துப் பெயரிட்டோம். வாரத்துக்கு ஒன்றாகப் பரீட்சை.

ஊதாவில் தனித்தனி அறைகள். ஆர்டருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, பொதுவுக்கு ஒன்று. ஓவர் அண்ணன் முதல் நாளே நான்கு அறைகளிலும் புகுந்து, “யாராச்சும் இருக்கீங்களா? ஓவர்” என்று எழுதினார். யார் எந்த அறையில் இருக்கிறோம் என்று எங்களுக்கே தெரியாததால் ஒருவரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் போன் செய்தார்.

“இன்னாம்மா இது, லாட்ஜ் மாதிரி கீது? கதவு கதவா தட்டிகினு இருக்கேன், ஒருத்தரும் தொறக்க மாட்றீங்களே. ஒரே பேஜாரா போச்சு. ஓவர்.”

அடுத்த வாரம் நீலம். அதில் யார் ஆப்பைத் திறந்து வைத்திருந்தாலும் அவர் பெயர் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். இதைக் கண்டுபிடித்த அன்று அண்ணன் அடைந்த சந்தோஷத்தை எழுத முடியாது. எங்கள் எட்டுப் பேரையும் ஒரு பலகையில் விளக்கேற்றி வைத்துக் காட்டியது போல ஆகிவிட்டது அவருக்கு.

“ஸ்டெல்லாம்மா, உன் லைட்டு அணைஞ்சிடுச்சி. சாப்பாடா? ஓவர்.”

“முதலாளி லைட்டு மினுக் மினுக்குன்னுது. டவர் இல்லியா முதலாளி? ஓவர்.”

புதன்கிழமை மத்தியானம் பொதுவில் எழுதினார்: “பாஸ்கர் சாரு லைட்டு ரெண்டு மணி நேரமா எரியல. நேத்தும் இதே டைம்தான். உடம்பு கிடம்பு சரியில்லியா? யாராச்சும் ஜல்தியா போய்ப் பாருங்க. ஓவர்.”

மரக்காணம் ரோட்டில் வசூலுக்கு அலைவதாகச் சொல்லியிருந்த பாஸ்கர், தன் வீட்டில் ஃபேனுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. அன்று சாயங்காலமே நீல ஆப்பின் தலையெழுத்தை பாஸ்கர் முடிவு செய்துவிட்டார்.

மூன்றாவது மஞ்சள். அதில் பேச்சே கிடையாது. ஒரு படிவம். என்ன மோட்டார், எத்தனை, எந்த ஊர் என்று நான் நிரப்பி அனுப்புவேன். குடோனில் ‘பெறப்பட்டது’, ‘அனுப்பப்பட்டது’ என்று இரண்டே பொத்தான்கள். ஆறு மணிக்குத் தானாக மூடிக்கொள்ளும். முதலாளி அதைத் தடவிக் கொடுக்காத குறை.

மூன்றில் எது என்று முடிவு செய்யும் வாக்கெடுப்புக்கு அண்ணன் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திண்டிவனம் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தார். எங்களை நேரில் பார்த்ததும் குறிப்பைப் பிரிக்க மறந்துவிட்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“முதலாளி, மத்ததுல நான் சொன்னது கேட்டுச்சா கேக்கலையான்னே தெரியல. நீலத்துல ஆளு இருக்குறது தெரியுது. லைட்டு எரிஞ்சா போதும், பதில்கூட வாணாம்.”

பாஸ்கர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். நீலத்துக்கு ஒரு கை. முதலாளி நீங்கலாக, மஞ்சளுக்கு ஏழு கைகள். அந்த ஏழில் என்னுடையதும் ஒன்று. மஞ்சளில் எனக்கு வேலை பாதியாகக் குறைந்தது. வேறு காரணம் ஏதும் நான் யோசிக்கவில்லை.

“இனிமே ஆர்டர் விஷயமா போனே கூடாது. பழைய குரூப்பையும் கலைச்சிடுங்க” என்றார் முதலாளி. அண்ணன் பிரிக்காத குறிப்பைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மஞ்சள் அருமையாக வேலை செய்தது. மூன்று மாதத்தில் ஒரு மோட்டார்கூடத் தப்பிப் போகவில்லை. நான் அனுப்பிய ஒரு நிமிஷத்தில் ‘பெறப்பட்டது’ என்று வரும். அவ்வளவுதான். விழுப்புரம் போன் மணி அடிப்பது நின்றுபோனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஆபீஸ் அமைதியாக இருக்கிறதே என்று மட்டும் சொல்லிக்கொண்டோம்.

வருஷாந்திர ஸ்டாக் எடுக்க நான் விழுப்புரம் போனேன். என்னைப் பார்த்ததும் அண்ணன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கனைத்துக்கொண்டு மறுபடி பேசினார். குரல் துருப்பிடித்தது போல வந்தது.

“சளியாண்ணே?”

“இல்லம்மா. நாலு நாளா யாருகிட்டயும் பேசல. லாரிக்காரன்கூட ஆப்பைக் காட்டிட்டு ஏத்திகினு போய்டுறான். அதான் கட்டிகிச்சி. பேசினா சரியாய்டும்.”

சரியாகிவிட்டது. கால் மணி நேரத்தில் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார். பிறகு எனக்கு டீ வாங்கி வருகிறேன் என்று ரோட்டைத் தாண்டிப் போனார். மேஜைமேல் அவர் போன் திறந்தபடி கிடந்தது. எங்கள் பெயர்கள் தெரியவே குனிந்து பார்த்தேன்.

நீல ஆப். நாங்கள் எல்லோரும் மூன்று மாதத்துக்கு முன்பே போனிலிருந்து தூக்கி எறிந்தது. எட்டுப் பெயர்களிலும் புள்ளி இருண்டிருந்தது. அவருடையது மட்டும் பச்சை.

“8.30. ஷட்டர் தொறந்தாச்சு. ஓவர்.”

“இன்னிக்கு நல்ல மழை. பைப்பு நனையல. ஓவர்.”

“முதலாளிக்குப் பொறந்த நாளு. நல்லா இருக்கணும். ஓவர்.”

“நாளைக்கு ஸ்டெல்லாம்மா வருது. ஓவர்.”

ஒருநாள் விடாமல் இருந்தது. கையால் மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒன்றுக்கும் பதில் இல்லை.

டீயோடு வந்தவர் நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

“அண்ணே, இதை நாங்கள்லாம் எப்பவோ தூக்கிட்டோம்ணே.”

“தெரியும்மா. தெரியாமலா எழுதறேன்? சும்மா இருந்தா குடோனுக்குள்ள சத்தம் கேக்குது, அதான்.”

“என்ன சத்தம்ணே?”

“ஒண்ணும் இல்லம்மா. அந்த ஒண்ணுமில்லாததுதான் கேக்குது.”

டீயை மேஜைமேல் வைத்தேன். “நானும் மஞ்சளுக்குத்தாண்ணே கை தூக்கினேன்” என்றேன்.

“நல்ல ஆப்பும்மா அது. அந்தப் பெருமுக்கல் ஆளு செடியைப் புடுங்கிகினு வந்தாரே, அந்த மாதிரி இன்னொருத்தர் வரக்கூடாதில்ல? நானா இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். டீ ஆறுது, குடி.”

ஸ்டாக் எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. எல்லாம் சரியாக இருந்தது. “எதுக்கும் இன்னொரு வாட்டி எண்ணிப் பாத்துடலாமா?” என்றார். எண்ணினோம். அப்போதும் சரியாக இருந்தது. பஸ் ஸ்டாப் வரை வந்து, பஸ் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாய்களைப் பற்றிச் சொன்னார்.

சாயங்காலம் ஆபீஸில் முதலாளி சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, ஸ்டாக்கு சரியா இருந்துதா?”

“இல்லீங்க முதலாளி. கொஞ்சம் இடிக்குது. வாராவாரம் நேர்ல போய்ப் பார்த்தாத்தான் சரிப்படும்.”

இருபது வருஷமாக அந்தக் குடோனில் எதுவும் இடித்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் கிளம்பாமல் நின்றார்.

“வெள்ளிக்கிழமை போ. நான் வேணும்னாலும் ஒரு நாள் வர்றேன்” என்றார்.

அண்ணன் ஓய்வு பெற்று அக்கா வீட்டோடு போகிறவரை, இரண்டு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் போனேன். அந்தக் குடோனில் ஒரு நட்டு, ஒரு போல்ட்டுகூட ஒருநாளும் குறைந்ததில்லை. ஒவ்வொரு வாரமும் இரண்டு முறை எண்ணினோம்.