டச்சப் அழித்த பொந்துகள்

"நீ குருவியப் போட்டோ புடிச்சி இன்னா பண்ணப் போற காலேஜ்? அதுக்கு மாப்ளையா பாக்கப் போறாங்க?"

என்னைப் பார்த்து இப்படிக் கேட்டவர் போட்டோ ஸ்டுடியோக்காரர் டச்சப். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இந்தத் தலைமுறையில் கல்யாணம் ஆன ஒருவர்கூடத் தன் சொந்த முகத்தோடு ஆல்பத்தில் இல்லை. அதற்குக் காரணம் இந்த ஒரே ஆள்தான். மரு, தழும்பு, பரு, வியர்வை, மாமியாரின் முறைப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்துவிடுவார். ஒரு கல்யாணத்தில் மேடையிலேயே தூங்கிப்போன தாய்மாமனுக்கு வேறொரு கல்யாணத்திலிருந்து இரண்டு கண்களைக் கொண்டுவந்து ஒட்டினார். ஆல்பத்தைப் பார்த்த வீட்டார், "மாமன இவ்ளோ தெளிவா நாங்க பாத்ததே இல்ல" என்று அழுதார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அவருடைய ஸ்டுடியோவில் நான் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். விலங்கியலில் பட்டம் வாங்கியிருக்கிறேன். அதனால் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'காலேஜ்'தான். அது கிண்டல் என்றால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. மரியாதை என்றால், எனக்குச் சேர வேண்டியதுதான்.

முகூர்த்தம் இல்லாத நாட்களில் கடைக் கேமராவை எனக்குக் கொடுப்பார். ரிஷிவந்தியம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் முருங்கை மரம், வரப்பு, ஓடைக்கரை என்று சுற்றிப் பறவைகளைப் படம் எடுப்பேன். அந்தப் படங்களைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதுதான் வினை.

முதலில் கரிச்சானில் கை வைத்தார். மாட்டின் முதுகில் ஏறி நிற்கும், கன்னங்கரேல் என்று மின்னும் பறவை அது. நான் டீ வாங்கிவருவதற்குள் சிமென்ட் நிறத்துக்கு வந்திருந்தது.

"கலர் கம்மியா இருந்திச்சி காலேஜ். கொஞ்சம் ஏத்திவுட்டேன்."

"அண்ணா, அது கரிச்சான். கறுப்பாத்தான் இருக்கும்."

"அது எனுக்குத் தெரியாதா? அதுக்குன்னு அப்டியேவா வுட்டுடறது?"

அடுத்தது என் முகம். அரசு வேலைக்கான தேர்வுக்கு விண்ணப்பிக்க அவரே என்னைப் படம் எடுத்தார், அவரே அப்லோடும் செய்தார். தேர்வு அறை வாசலில் நின்ற கண்காணிப்பாளர் அம்மா ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க அக்கா போட்டோவா?" என்றார். ஆதார் அட்டையைக் காட்டினேன். ஆதார் அட்டையில் இருக்கும் முகம் யாருடையது என்று ஆண்டவனுக்கே தெரியாது. ஆகவே அங்கே நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: ஹால் டிக்கெட்டில் ஒருத்தி, ஆதாரில் ஒருத்தி, வாசலில் நான். மற்றவர்கள் எழுத ஆரம்பித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

திரும்பி வந்து கத்தினேன். "என் நெறத்துல இன்னா கொற கண்டீங்க?"

அவர் உண்மையாகவே திகைத்தார். "கொறன்னு யாரு சொன்னா? எல்லாருக்கும் செய்யறதுதான்."

அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். எல்லாருக்கும் செய்கிறார். எல்லாரும் வந்து செய்யச் சொல்கிறார்கள்.

ஒருமுறை கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்காகக் கரியாலூர் மலைக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையும் பெண்ணும் பாறையில் வழுக்காமல் நின்று காதலிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அப்போது மூங்கில் புதரில் அரசவால் ஈபிடிப்பான் வந்து உட்கார்ந்தது. வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, நாடாவைக் கட்டித் தொங்கவிட்டது போல நீளமான வால். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்தேன். மறுநாள் கடையில் பார்த்தால் அந்தப் பறவைக்கு வாலே இல்லை.

"பின்னாடி நூலு மாட்டிக்கினு இருந்திச்சி பாவம். எடுத்துட்டேன்" என்றார்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது எங்கள் ஊர் ஓடைக்கரையில் நடந்தது.

அந்தக் கரை செம்மண் சுவர் போல நிற்கும். கோடையில் அதில் பொந்து தோண்டிப் பஞ்சுருட்டான் பறவைகள் குடும்பம் நடத்தும். பச்சை உடம்பு, வாலில் கம்பி போல ஒரு நீட்டல். பறக்கிற தட்டானையும் தேனீயையும் அந்தரத்திலேயே பிடிக்கும். பொந்துகளில் குஞ்சுகள் இருந்த நேரம் பார்த்து, ரோட்டு வேலைக்கு அந்தக் கரையிலிருந்து மண் எடுப்பது என்று ஊராட்சித் தலைவர் முடிவு செய்தார். குஞ்சுகள் பறந்து போகும்வரை பொறுங்கள், அல்லது எதிர்க்கரையில் எடுங்கள் என்று கேட்கத் தீர்மானித்தேன். ஆதாரமாக, கரையில் இருக்கும் பொந்துகளையும் வாயில் தட்டானோடு நிற்கும் தாயையும் சேர்த்துப் படம் எடுத்தேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தரும்படி டச்சப்பிடம் சொல்லிவிட்டு ஒரு கல்யாண வரவேற்பு வேலைக்குப் போனேன். மறுநாள் கவரை வாங்கிக்கொண்டு நேராக ஊருக்குப் பஸ் ஏறினேன். பிரித்துப் பார்க்கவில்லை. கவரை மூடி அவர் ஜரிகைத் தாள் ஒட்டியிருந்தார்.

ஊராட்சி ஆபீசில் கூட்டமாக இருந்தது. அப்பா வாசலில் நின்றார். தலைவர் நிலத்தில்தான் அவருக்குக் கூலி வேலை. நான் பேசி முடித்து, கவரைப் பிரித்துப் படத்தை மேசையில் வைத்தேன்.

தலைவர் குனிந்து பார்த்தார். "பொந்து எங்கம்மா?"

நானும் பார்த்தேன். கரை வழவழவென்று மணப்பெண் கன்னம் மாதிரி இருந்தது. ஒரு பொந்துகூட இல்லை. அதன் முன்னால் ஒரு பஞ்சுருட்டான், போகும் வீடு தெரியாமல் தட்டானோடு நின்றது.

"படிச்ச புள்ளைங்கன்னா பொய்யக்கூட ஜரிகை ஒட்டித்தான் கொண்டாரும்போல" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். "நேர்ல வந்து பாருங்க" என்றேன். "நாளைக்குக் காலைல ஜேசிபி வருது. அதோட சேர்ந்து வந்து பாக்கறேன்" என்றார்.

வெளியே வந்து டச்சப்புக்குப் போன் போட்டேன். அன்று நான் பேசியதைப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள். கடைசியாக அவர் மெல்லச் சொன்னார்: "அம்மத் தழும்பு மாறி அசிங்கமா இருந்திச்சி காலேஜ். உனுக்கு நல்லா இருக்கட்டுமேன்னு ஒவ்வொண்ணா உக்காந்து எடுத்தேன்."

"ஒவ்வொரு தழும்புலயும் குஞ்சு இருக்கு அண்ணா. ஒரிஜினல அனுப்புங்க."

"அந்த மெமரி கார்டைத்தான் இன்னிக்கிக் காதுகுத்துக்காக அழிச்சிட்டேனே."

போனை வைத்துவிட்டேன். இனி அந்தக் கடைப் படியை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை ஜேசிபி கரைக்கு வந்தது. நான் அதன் முன்னால் போய் நின்றேன். தலைவர், "யார்றா அங்க, அவங்க அப்பனக் கூப்புடு" என்று குரல் கொடுத்தார். அந்த நேரத்தில் வயல் பாதையில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்தது. முன்னால் ஸ்டாண்டு, பின்னால் வெள்ளைக் குடை, நடுவில் டச்சப்.

என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகத் தலைவரிடம் போனார். "இன்னா தலைவரே, போட்டோ இல்லாம வேலை ஆரம்பிக்கறீங்க? பேனருக்கு இன்னா போடுவீங்க?"

தலைவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். ஜேசிபி டிரைவரையும் கீழே இறக்கி அவர் பக்கத்தில் நிறுத்தினார் டச்சப். எங்கள் பக்கத்தில் கலெக்டரே சொன்னாலும் நகராதவர்கள், கேமராக்காரர் சொன்னால் மோவாயைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார்கள். "லெப்ட்ல வாங்க. தொப்பைய உள்ள இழுங்க. டிரைவரு, கண்ணத் தொற." கரைக்கு முதுகைக் காட்டி அவர்களை அசையாமல் நிற்க வைத்தார். அவசரமே படவில்லை. தலைவரின் தலைக்கு மேலே பஞ்சுருட்டான்கள் இரையோடு வட்டமடித்தன. பொறுக்க முடியாமல் ஒன்று அவர் காதோரமாகப் பாய்ந்து பொந்து வாசலைப் பிடித்தது. டச்சப் அப்போதுதான் பட்டனை அழுத்தினார்.

திரையில் படத்தைக் காட்டினார். தலைவர் முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது. "நல்லாத்தான் இருக்குது. பின்னாடி ஓட்ட ஓட்டயா தெரியுதே, அத எடுத்துடு."

"அத எடுக்க முடியாதுங்க" என்றார் டச்சப்.

"இன்னாய்யா? என் மச்சானுக்குத் தலைல முடியே வெச்சவன் நீ!"

"முடி வெப்பேன். இத எடுக்க மாட்டேன்." அந்த ஊராட்சியில் எந்த விசேஷம் என்றாலும் படம் எடுப்பவர் அவர்தான். இனி அது கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

அதற்குள் டிரைவர் எட்டித் திரையைப் பார்த்தார். பொந்துக்குள்ளிருந்து ஒரு குட்டி அலகு திறந்திருந்தது. "அய்யோ, குஞ்சுங்களா! என் பொண்டாட்டி முழுவாம இருக்கறா. நான் மாட்டேன்" என்றார். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் ஒரு உயிரையும் கலைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. தலைவர் கத்தினார், கெஞ்சினார், வேறு டிரைவருக்குப் போன் போட்டார். எல்லாரும் வேறு வேலையில் இருந்தார்கள், யாரும் கிடைக்கவில்லை. கடைசியில் ஜேசிபி ஓடையைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போனது. "எல்லாம் இந்தப் புள்ளையால வந்தது" என்று தலைவர் என்னைக் காட்டினார். அப்பா இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

டச்சப் குடையை மடித்துக்கொண்டே கேட்டார்: "கோவமா கீறியா காலேஜ்?"

"ஆமா."

"சரி."

குஞ்சுகள் பறந்துவிட்டன. என் கோபம் இன்னும் பறக்கவில்லை, ஆனாலும் அந்தக் கடைப் படியை மறுபடி மிதித்துவிட்டேன். அவர் மாறிவிட்டார் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். போன வாரமும் ஒரு மணப்பெண்ணை அவளுடைய அம்மாவுக்கே அடையாளம் தெரியாமல் ஆக்கினார். அன்றும் சண்டை போட்டேன். நேற்று திருநாவலூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவர்கள் ஊர் ஓடைக்கரையிலும் மண் அள்ளப் போகிறார்களாம், அங்கும் பொந்துகள் இருக்கின்றனவாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதோ, உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. பஸ் நகர்ந்தால் டச்சப்புக்குத் தலை சுற்றும், அதனால் ஜன்னலோர சீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன்.