தையற்காரர் வளர்த்த மாமரம்

எங்கள் மூத்த மகளும் கடைசி மகளும் ஒரே மகளுமான கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் என் தையல் இயந்திரமும் முனகிக்கொண்டே நலம். அங்கே உன் உடம்புக்கும் உன் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், எனக்குக் கோபம் வந்து பாதியில் வைத்துவிடுவேன். அதனால் கடிதம்.

விஷயம் உன் மாமரம். வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று வாசலில் அந்த ஒட்டு மாங்கன்றை நட்டுவிட்டு, "நாலாம் வருஷம் காய்க்கும்ப்பா. காய்ச்சதும் முதல் பழம் சாப்பிட வந்துடுவேன்" என்றாய். கூடவே ஒரு தாளில் படம் போட்டு, இடுப்பு உயரத்தில் நுனியைக் கிள்ளு, தள்ளித் தள்ளி நாலு கிளை மட்டும் விடு, மற்றதைச் சுண்டுவிரல் தடிமனில் இருக்கும்போதே எடுத்துவிடு என்று எழுதியும் கொடுத்தாய். தாள் பத்திரமாக இருக்கிறது. படித்தேனா என்றால் படித்தேன். செய்தேனா என்று மட்டும் கேட்காதே. நாற்பது வருடம் கத்திரிக்கோல் பிடித்த கை இது. யாருக்குச் சட்டை தைத்தாலும் மடிப்புக்குள் இரண்டு விரல் துணி கூடுதலாக விட்டுத்தான் தைப்பேன், நாளைக்கு ஆள் பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று. மரத்துக்கும் அப்படியே கூடுதலாக விட்டுவிட்டேன். முதல் பழம் எந்தக் கிளையில் வருமோ, யார் கண்டது? பதினோரு கிளை இருந்தால் பதினோரு வழியாக நீ வரலாம் என்பது என் கணக்கு.

நாலாம் வருடம் காய்க்கவில்லை. ஐந்தாம் வருடம் மரத்துக்குள் வெயிலே நுழையவில்லை. எப்போது வருகிறாய் என்று போனில் கேட்டால், "மரம் காய்ச்சிருச்சா?" என்று நீ சிரிப்பாய். நானும் சிரித்துவிட்டு வந்து மரத்தை முறைப்பேன். இந்த வருடம் ஒரு கிளை ஜன்னல் வழியாகத் தையலறைக்குள்ளேயே வந்துவிட்டது. காற்றடித்ததும் வங்கி மேலாளருக்குத் தைத்து மாட்டியிருந்த கால்சட்டையைக் கோத்து இழுத்துக்கொண்டு அது வெளியே போக, அதே நேரம் பார்த்து அவர் வாங்க வர, நான் பதறிப்போய் ஸ்டூலில் ஏற, ஸ்டூல் சாய, நான் தொங்கிய கிளை பக்கத்து வீட்டுப் பல் வைத்தியரின் பெயர்ப்பலகையைத் தட்டிவிட, அது விழுந்த சத்தத்தில் உள்ளே வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தவர் பட்டென்று வாயை மூடிவிட்டார். வைத்தியரின் விரல் உள்ளே இருந்திருக்கிறது. கட்டுப்போட்ட விரலோடு வந்து நின்று, "பல்லா இருந்தா சின்ன வயசுலயே கம்பி கட்டி நேராக்கிருப்பேன். இத்தனை வருஷம் என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டார். எனக்கு உன் தாள்தான் நினைவுக்கு வந்தது.

போன வாரக் காற்றில், நடுவில் நெருக்கிக்கொண்டு வளர்ந்த இரண்டு கிளைகளின் கவட்டை ஒரு சாண் பிளந்துவிட்டது. அம்மா பழைய போர்வையைக் கிழித்துக் கட்டுப்போட்டாள். நான் தோட்டக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் ஒரு தடவை மரத்தைச் சுற்றிவந்தார், ஒரு தடவை என்னைச் சுற்றிவந்தார்.

"சின்னதுலயே கவாத்து பண்ணிருந்தா நகம் வெட்டுற வேலைதான். காயமும் சீக்கிரமா மூடிருக்கும். இப்ப கையையே எடுக்கணும் சார்."

"எடுத்தா?"

"மரம் பிழைச்சுக்கும். காய்க்க இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

"எடுக்காட்டி?"

"அடுத்த காத்துல ரெண்டாப் பிளந்துடும்."

இதைக் கேட்டுச் சமையலறைக்குள் போன அம்மா வெகு நேரம் வெளியே வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

ஆகவே மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். நாளைக் காலை அவர் ரம்பத்தோடு வருகிறார். ஏழு கிளை போகும், நாலு நிற்கும், உன் படத்தில் இருப்பதுபோலவே. நீ சொன்னதுதான் சரி. எழுத்திலேயே தருகிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள். இரண்டு மூன்று வருடம் என்ன பெரிய காலமா? ஆறு வருடத்தை ஓட்டிய எங்களுக்கு இதெல்லாம் தூசு. நீ ஒன்றுக்கும் அவசரப்படாதே. வேலையைப் பார். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மாவின் முத்தங்களும் பல் வைத்தியரின் விசாரிப்பும் இதனுடன் வருகின்றன. எங்கே இருந்தாலும் மனம் நிறைந்து இரு என்று வாழ்த்தும்,

உன் அப்பா

பி.கு.: கடிதத்தை நேற்றுத் தபாலில் போடவில்லை. இன்று காலை ஏழு கிளையையும் வெட்டியாகிவிட்டது. வாசல் ஒரே வெளிச்சம். இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே தெருமுனை வரை தெரிகிறது, யார் வந்தாலும் தெரிகிறது. அதனால் காலையிலிருந்து ஒரு தையல்கூட ஓடவில்லை. தூசு என்று மேலே எழுதியது பொய். எங்களால் முடியாது கண்ணு. மாம்பழம் கடையில் கிடைக்கிறது. நான் வாங்கி வைக்கிறேன், நீ வா.