கை வைக்காதீங்க சாரின் கரி

பொதுச் சாமானுக்குத் தன் சொந்தப் பூட்டைப் போடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஆபீசுக்கு ஒருவர் நிச்சயம். இந்த இனத்தில் முதல் தரமான ஆசாமியைப் பார்க்க வேண்டுமானால், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாவது மாடிக்கு வாருங்கள். மெதுவாக. எதிலும் சாய்ந்துவிடாதீர்கள்.

யாராவது அங்கிருக்கும் பொது உலைப் பக்கம் திரும்பினாலே "கை வைக்காதீங்க!" என்று அலறுவதால், அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. தொழில், கரி செய்வது. சாதாரணக் கரி இல்லை. நைட்ரஜன் உள்ள திரவத்தை ஆவியாக்கி, தொள்ளாயிரம் டிகிரியில் கனலும் குவார்ட்ஸ் குழாய்க்குள் அனுப்பினால், உள்சுவரில் மை போலப் படிகிற நானோ கரி. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில் பிளாட்டினம் செய்கிற வேலையை, துளி உலோகம்கூட இல்லாமல் இந்தக் கரி செய்யும் என்பது அவர் கட்சி. போன வருடம் ஒரே ஒரு தடவை செய்தும்விட்டது. உடனே கட்டுரை எழுதினாரா? அது இரண்டாவது. முதல் காரியமாக, அடுத்தவர் அழுக்கு ஒட்டியிருக்கக் கூடாதே என்று குழாயைக் கழற்றி, இரண்டு நாள் ஆசிட்டில் ஊறவைத்து, தேய்த்து, துடைத்து, மறுபடி மாட்டி, அறையையும் பூட்டிச் சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்.

அதற்கப்புறமும் கரி வந்தது. கறுப்பாகவே வந்தது. வேலைதான் செய்யவில்லை.

இன்னொரு தடவை செய்து காட்டினால் கட்டுரையை அச்சேற்றலாம் என்று பத்திரிகையிலிருந்து ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார்கள். பதவி உயர்வே அதை நம்பித்தான் இருந்தது. மனிதர் சிலிண்டரை மாற்றினார். அன்றைக்குப் போட்ட அதே சட்டையைப் போட்டுப் பார்த்தார். பெருக்க வருகிறவர்மேல் சந்தேகப்பட்டார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"உலையிலதாங்க யாரும் கை வைக்கக் கூடாது. தட்டுல வைக்கலாம்" என்றாள் மனைவி.

தவணைக்கு மூன்று நாள் இருக்கும்போது, எதிர் அறையில் இரும்பு உப்புகளோடு மல்லுக்கட்டும் இரும்பு மேடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"சார், போன வருஷம் நீங்க லீவுல இருந்தப்போ, பொது உலைதானேன்னு ஒரு வாரம் என் வேலையை இதுல ஓட்டினேன். குழாயைக் கழுவாமயே விட்டுட்டேன். சொல்லப் பயமா இருந்துச்சு."

"உள்ளே என்ன இருந்துச்சு?"

"இரும்புதான் சார். கொஞ்சூண்டு."

சாருக்கு அப்போதுதான் விளங்கியது. உலோகமே இல்லாத அந்த மகா கரியை வேலை செய்ய வைத்தது இந்த அம்மாள் கழுவாமல் விட்ட இரும்பு! அதைத்தான் தன் கையாலேயே சுரண்டிக் கொட்டியிருக்கிறார். அவருக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. பிறகு கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினார்.

"மேடம்... கொஞ்சம் கை வைங்களேன்."

"வைக்கிறேன். கட்டுரையில என் பேரையும் வைங்க. அந்த 'உலோகமே இல்லாமல்'ங்கறதை எடுத்துடுங்க."

எடுத்தார். மேடம் குழாயில் மறுபடி கொஞ்சம் இரும்பை ஓட்டினார். கரி வேலை செய்தது. திருந்திவிட்டாரா என்கிறீர்களா? இப்போது அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. வெளியே போர்டு: 'எங்கள் இருவரைத் தவிர யாரும் கை வைக்க வேண்டாம்.'

சிரிக்கிறீர்கள். சரி, "நான் வெச்சாத்தான் ஒழுங்கா வரும்" என்று நீங்கள் யாரையும் நெருங்க விடாத சாமான் ஒன்று உங்கள் வீட்டில் இருக்குமே? நீங்கள் வெளியே போயிருக்கும்போது அதில் யார் கை வைக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது ஒழுங்காக ஓடுவதே அவர்களால்தானோ என்னவோ.