சம்பந்தியின் கனிவான கவனத்திற்கு: மைக் மூழ்கிய விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இங்கே உங்கள் மகள் நலம், உங்கள் மாப்பிள்ளை நலம், பேத்தி நான்கு பல்லோடு நலம், என் மனைவி என்மேல் கோபத்தோடு நலம். நான் மட்டும் பன்னிரண்டு நாட்களாக நலமில்லை. காய்ச்சல், தலைவலி எதுவும் கிடையாது. உங்களிடம் சொல்லியாக வேண்டிய ஒரு விஷயம் தொண்டையில் மீன் முள்ளைப் போல் நிற்கிறது. படிக்கும்போது தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

உங்கள் மகளுக்கு நீங்கள் வாங்கிக்கொடுத்த மைக்கை நான் கொன்றுவிட்டேன்.

சொல்லிவிட்டேன். இனி விவரம். அந்த மைக்கின் அருமை எனக்குத் தெரியாதது அல்ல. கல்யாணமாகி இங்கே வந்த அன்று மற்ற பெட்டிகளையெல்லாம் வண்டியின் பின்னால் போடச் சொல்லிவிட்டு, அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் உங்கள் மகள். கைப்பிடியின் அடியில் நீங்கள் பச்சைப் பெயிண்டால் வைத்த புள்ளி இருக்கும். பள்ளி ஆய்வகத்தில் சாமான்களுக்குக் காவல் இருந்த பழக்கத்தில் உங்கள் குடை, கண்ணாடிக்கூடு, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் வைப்பீர்களே, அதே புள்ளி. அதை வாங்க மூன்று கடை ஏறி இறங்கியதாகவும், ஒவ்வொரு கடையிலும் மகளைப் பாடவைத்துக் கேட்டதாகவும் நீங்கள் சொன்னபோது, "ஒரு மைக்குக்கு மாப்பிள்ளை பாக்குற மாதிரில்ல அலைஞ்சிருக்கீங்க" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

என்னைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். முப்பத்தோரு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன். எதையும் மூன்று தடவை சொல்வேன் என்பதால் உடன் வேலை பார்த்தவர்கள் எனக்கு வைத்த பெயரே மூணுதடவை. மைக் என்றால் என்னைவிட யாருக்குத் தெரியும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது சுவிட்சை அழுத்துவது, பேசுவது, சுவிட்சை விடுவது, இவ்வளவுதான். ஒயர், பிளக் எல்லாம் எலக்ட்ரீஷியனின் ராஜ்ஜியம். அதில் கை வைத்தால் அவர் கத்துவார்.

பேத்தியின் பிறந்தநாள் நினைவிருக்கிறதா? நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே இரண்டு அறையில் நாற்பது பேர், நாற்பது பேரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், கேக் வந்துவிட்டது, யாருக்கும் காதில் விழவில்லை, பிறகு பாடுவதற்காக உங்கள் மகள் மைக்கையும் சின்ன ஸ்பீக்கரையும் மேசைமேல் வைத்திருக்கிறாள், ஒரு மனிதன் எவ்வளவுதான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியும், சொல்லுங்கள். எடுத்தேன். விருந்தினர்களின் கனிவான கவனத்திற்கு, கேக் இன்னும் சற்று நேரத்தில் முதலாவது மேசைக்கு வந்து சேரும் என்று அறிவித்தேன். ஒரு தடவை சொன்னேன், அத்தனை பேரும் கப்சிப். இரண்டாவது தடவை சொன்னேன், அத்தனை பேரும் கேக்கைப் பார்த்து ஓட்டம். இரண்டோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மூன்றாவது தடவைக்கு மூச்சை இழுத்துக் கையை வீசினேன் பாருங்கள், மைக் வழுக்கி, பக்கத்தில் இருந்த பெரிய பாத்திரத்தில், எலுமிச்சைச் சாற்றில், தலைகீழாகப் போய் விழுந்தது. ஸ்பீக்கரில் 'குளுக்' என்று ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. நான் பதறி, ஒயரைப் பிடித்துக் கிணற்றில் வாளி இழுப்பது போல் இழுத்து வெளியே எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, வாயால் ஊதி, மெல்லத் தட்டிப் பார்த்தேன். ஒரு முனகல்கூட வரவில்லை. நனைந்த போனை அரிசிக்குள் புதைத்தால் பிழைக்கும் என்று எங்கோ கேட்ட ஞாபகத்தில், ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டு, மைக்கை அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். பாட வந்த உங்கள் மகளிடம் ஸ்பீக்கரில் கோளாறு என்றேன். அவள் மைக் இல்லாமலே பாடினாள். சாறு வீணாகவில்லை. ஒருவர் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்து, "இதுல என்ன போட்டீங்க, இவ்வளவு ருசியா இருக்கே" என்று கேட்டார். அவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை.

முக்கியம் என்னவென்றால், நாளை சனிக்கிழமை மெல்லிசைக் குழுக்காரர்கள் அவளைப் பாட அழைத்திருக்கிறார்கள். அரங்கம் நிறைய ஆட்கள், மூன்று பாட்டு, குழுத் தலைவருக்குப் பிடித்துவிட்டால் இனி எல்லாக் கச்சேரியிலும் பெண் குரல் அவளுடையது. குழந்தை பிறந்தபின் அவள் மேடை ஏறவே இல்லை. "இதுவும் போச்சுன்னா இனிமே யாரு மாமா என்னைக் கூப்பிடப்போறாங்க" என்று துணி மடித்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள். அவளுக்குப் பழகினது அந்த மைக்தான், குழுத் தலைவரும் சொந்த மைக்கோடு வரச்சொல்லியிருக்கிறார். அது எங்கே இருந்தது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

யாரிடமும் சொல்லாமல் அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்று, கடைத்தெருவில் மைக், ஸ்பீக்கர் விற்கிற கடைக்குப் போனேன். காதில் பென்சில் செருகிய கடைக்காரர் ஆறு மைக்கை வரிசையாக வைத்தார். ஒன்றிலும் சுவிட்சே இல்லை. சுவிட்ச் இல்லாத மைக்கை எந்த நம்பிக்கையில் கையில் எடுப்பது? ஒருநாள் சுவிட்சை அணைக்க மறந்து, எங்கள் நிலைய அதிகாரியின் தொப்பையைப் பற்றி நான் சொன்ன அபிப்பிராயம் நான்கு நடைமேடைக்கும் ஒலித்ததை இன்னும் மறக்கவில்லை. கடைக்காரரோ, "பாடுறவங்களுக்கு சுவிட்ச் வச்சது ஆகாதுங்க. நடுப்பாட்டுல விரல் பட்டு அணைஞ்சா மானம் போயிடும்" என்றார். சரி என்று ஒவ்வொன்றாக எடுத்து, வண்டி இருபது நிமிடம் தாமதமாக வரும் என்று அறிவித்துப் பார்த்தேன். ஆறிலும் கணீர் என்று இருந்தது. ஆறையும் மறுபடி பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். கடைக்குள் வந்த இரண்டு பேர் எந்த வண்டி என்று கேட்டார்கள்.

"ஐயா, உங்க குரலுக்கு மைக்கே தேவையில்லை. பாடப்போறது யாரு?"

"மருமக."

"அப்ப அவங்க குரல்ல கேட்டாத்தானே தெரியும்? மருமகளுக்கு செருப்பு வாங்க வந்துட்டு உங்க காலை நீட்டுறீங்களே!"

நியாயம்தான். ஆனால் அவளை அழைத்துப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். உங்கள் மகள் சமையலறையில் வேலை செய்துகொண்டே பாடுவது வழக்கம். என் போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, பாத்திர அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். அரைமணி கழித்து எடுத்துக்கொண்டு நேராகக் கடை. போனை மைக்குக்கு முன்னால் பிடித்தேன். கடைக்காரர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போன் பாடுறதுக்கா மைக் வாங்குறீங்க?" என்றார். நான் கண்டுகொள்ளவில்லை. குக்கர் விசிலுக்கு நடுவே அவள் குரல் வந்தது. கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு மார்பு நிமிர்ந்தது. பாட்டு முடிந்தது. போனை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடத் தொழிலில் சுவிட்ச் என்னைக் காட்டிக்கொடுத்தது இது இரண்டாவது தடவை. அடுத்து ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது இதுதான்.

"ஏங்க, உங்கப்பா மைக்கை அரிசி டப்பா அடியில புதைச்சு வச்சிருக்காரு. அளக்கப் போனேன், கையில இடிச்சுது."

"அப்பா கிட்ட கேக்கட்டுமா?" இது என் மகன்.

"வேண்டாம் வேண்டாம். பாவம், பத்து நாளா சரியா சாப்பிடக்கூட இல்லை. எங்கப்பா வாங்கிக் கொடுத்ததுன்னு பயப்படுறாரு. அவரா சொல்லட்டும். சொல்லலைன்னாலும் பரவாயில்லை, நான் வேற மைக்ல பாடிக்கிறேன்."

முப்பத்தோரு வருடமாக ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் நான் அறிவிப்பு கொடுத்திருக்கிறேன், சம்பந்தி. எனக்கென்று ஒரு அறிவிப்பு ஸ்பீக்கரில் வந்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி செருகிக்கொண்டு, "நாளைக்கு அவங்களையே கூட்டிட்டு வாங்கய்யா" என்றார்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே தடவைதான் சொன்னேன், என் மனைவி சாட்சி. உங்கள் மகள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, "சரி மாமா, அந்த டப்பாவை நான் பாத்துக்கிறேன். காலையில கடைக்குப் போலாம்" என்றாள். நான் என்னவோ திட்டு அபிஷேகமே நடக்கும் என்று எதிர்பார்த்து நின்றேன். தட்டு வைத்துச் சாப்பிடச் சொன்னாள்.

இன்று காலை போனோம். கடைக்காரர் என்னை ஸ்டாண்டுகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவளோடு உள்ளறைக்குப் போய் வெகுநேரம் ஏதோ பேசினார். ஸ்க்ரூ திருப்பும் சத்தம் கேட்டது. கடையென்றால் ஆயிரம் வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு வெளியே வந்து, "ஐயா, இப்ப நீங்க திரும்பி நின்னு, கண்ணை மூடிக்குங்க. பேரையும் விலையையும் பாத்தா காது வேலை செய்யாது. மூணு மைக்ல பாடுவாங்க, நீங்கதான் சொல்லணும்" என்றார்.

நின்றேன். முதல் மைக்கில் பாடினாள், குரல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஜலதோஷம் பிடித்தவள் போல, மேலே போகிறபோது காதில் ஊசி குத்தியது. மூன்றாவதில் அவள் குரலோடு சீலிங் ஃபேன், தெருவில் போன வண்டி, என் மூச்சு எல்லாம் சேர்ந்து பாடின. நடுவில் இரண்டாவதில் பாடினாளே, அதைத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மைக் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அவள் பாடுவாளே, அந்தக் குரல், அப்படியே, ஆனால் கடை நிறைய. இரண்டு, இரண்டு, இரண்டு என்றேன். என் பின்னால் இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பெட்டியில் வைத்து ஒட்டிக் கொடுத்தார். பில்லைப் பார்த்தால் ஒரு ஒயரின் விலைக்குமேல் அதிகம் இருக்காது. என் முப்பத்தோரு வருட சேவைக்குக் கொடுத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே, சம்பந்தி, நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிய மைக் என் கையால் போய்ச்சேர்ந்தது உண்மை. அதற்கு நிகராக ஒன்றை என் காதாலேயே தேடிக் கொடுத்துவிட்டேன் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து நிறுத்துப் பார்த்து என்னை மன்னித்துவிடுங்கள். மன்னியுங்கள். மன்னியுங்கள். நாளை அவள் நன்றாகப் பாடவேண்டும் என்று நீங்களும் அங்கிருந்தே வாழ்த்துங்கள். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்கள். உங்கள் முழங்கால் வலி குறைந்து, மறுபடி படியேறி எங்கள் வீட்டுக்கு வரும் நாள் சீக்கிரம் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள, வெட்கமுள்ள சம்பந்தி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இது ஞாயிறு காலை. நேற்று அரங்கத்தில் முதல் வரிசையில் நான். உங்கள் மகள் மேடையேறி, பெட்டியைப் பிரித்து, மைக்கைக் கையில் எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். அடியில் பச்சைப் புள்ளி. அங்கிருந்தே என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. சாறு மைக்கை ஒன்றுமே செய்யவில்லையாம். தலையிலிருந்த வலையையும் உள்ளே இருந்த பஞ்சையும் மாற்றியதோடு சரியாம். நான் வாளி இழுப்பதுபோல் இழுத்ததில் செத்தது ஒயர்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை தேர்ந்தெடுத்தது, நீங்கள் மூன்று கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்ததையே. மாப்பிள்ளை விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கலாம், மைக் விஷயத்தில் பிசகவே இல்லை. மூன்றாவது பாட்டு முடியுமுன்பே குழுத் தலைவர் மேடை ஓரத்துக்கு வந்து கை தட்டிக்கொண்டு நின்றார். செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு வரச்சொல்லிவிட்டார். நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஜலதோஷமா என்று கேட்டார்.

ஆகையால், மேலே அறிவிக்கப்பட்ட மன்னிப்புக் கோரிக்கை முழுவதும் ரத்து செய்யப்படுகிறது. ஒரே ஒரு மன்னிப்பை மட்டும் தயவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தவர் நீங்கள்தான்.