அடைக்கலநாதன் புகைவாசல் உயர்த்திய படலம்

வாழி! அலைமுரசு ஓயாத வடமராட்சிக் கிழக்கின் கரையிலே, வெண்மணற் குன்றுகள் முடிதரித்து நிற்ப, சவுக்கமரங்கள் கவரி வீச, கருவாட்டு மணம் கட்டியங்கூறி முன்னே செல்ல, மணல்காடு என்னும் ஊரில் வீற்றிருந்த மாவீரன், படகு எஞ்சின்களின் பிணிதீர்க்கும் பெருமருத்துவன், எண்ணெய்க்கறையே இலச்சினையாய்ப் பொறித்த சாரம் உடுத்தவன், இடுப்பிற் செருகிய ஸ்பானரை நித்திரையிலும் கழற்றாதவன், அடைக்கலநாதன் என்னும் அருந்திறலோன் வாழி!

தொலைந்த பொருளைத் தேடிக் கொடுக்கும் புனித அந்தோனியாரே, திறப்பு, தோடு, ஆட்டுக்கடா என்று இவ்வூரார் தொலைத்தவற்றைத் தேடியே நீர் களைத்திருப்பீர். ஆயினும் பட்டப்பகலில், மச்சான் பார்த்துநிற்க, மணலில் விழுந்த மானம் ஒன்று உண்டு. அதையும் ஒருக்கால் தேடித் தாரும். இக்கதையில் மிகை ஏதும் கலவாமற் காத்தருளும். கலந்தால் கண்டும் காணாமல் விடும்.

அவ்வீரனின் ஊர்தியோ நாலு சில்லு மோட்டச்சைக்கிள். கற்பிட்டிக் கடற்கரையில் ஓர் உல்லாச விடுதியிலே வெள்ளைக்காரரை ஏற்றியும் குப்புற இறக்கியும் இளைத்துப்போன அப்பரியை, விடுதி மூடிய காலத்தில் வாங்கி லொறியேற்றிக் கொணர்ந்தான். ஊதிய பூசணிக்காய் போன்ற சில்லுகள் நான்கு. தவளைக் கண் போன்ற விளக்குகள் இரண்டு. எண்ணெயும் பெற்றோலும் கலந்து குடித்து நீலப்புகை கக்கும் ரூ ஸ்ரோக் எஞ்சின் ஒன்று. கடற்கரைக்கும் மீன் லொறி வந்து நிற்கும் தார்வீதிக்கும் நடுவே நெற்றிமுட்டி என்றொரு மணல்மேடு கிடந்தது. ஊரெல்லாம் அதைச் சுற்றிப் போக, அடைக்கலநாதன் ஒருவனே அதன் தலையை மிதித்துப் போவதென்று நோன்பு பூண்டிருந்தான்.

நெற்றிமுட்டியும் ஒரு நோன்பு பூண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாரைமீன் நிறைந்த பெட்டியை மடியில் ஏந்தி அவன் மனைவி றொசாந்தி பின்னாலே வீற்றிருக்க, வீரன் மேட்டின்மேற் படையெடுத்தான். அரைமேட்டில் எஞ்சின் இருமியது, விக்கியது, ஈற்றில் உலகப்பற்றைத் துறந்தது. றொசாந்தி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இறங்கித் தள்ளினாள். வீரன் உதைத்து மீண்டும் உயிர் கொடுக்க, சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்று வாரியிறைத்த மணலில் பாதி நெற்றிமுட்டிக்கே திரும்பிப் போனது. மீதி அவள் வாய்க்குள் போனது.

அவ்வேளையிற்றான், இரண்டு சில்லு உழவு மெசினுக்கு இழுவைப்பெட்டி கொழுவி, மேட்டைச் சுற்றிவரும் பாதையில் டுப் டுப் என்று தோன்றினான் அவள் தம்பி றஜிந்தன். நடையில் ஆமை, பிடியில் உடும்பு, சிரிப்பில் மட்டும் சிங்கம்.

“அத்தான், உது ஏறாது. அக்காவை முன்னுக்கு இருத்திப்போட்டு நீங்கள் பின்னாலை நிண்டு தள்ளுங்கோ. பாக்கிற சனத்துக்கு அப்பவெண்டாலும் ஞாயமாத் தெரியும்.”

மீன்பெட்டி தம்பியின் வண்டியில் ஏறியது. ஐயகோ, றொசாந்தியும் ஏறினாள்.

தன் குலக்கொடியை உழவு மெசின் கவர்ந்து செல்லக் கண்ட வீரனின் மீசை துடித்தது, கண் சிவந்தது, மணல் விழுந்ததாலும் சிவந்தது. இருக்கையின்மேல் ஏறி நின்று, கடலும் கேட்க முழங்கினான்:

“கேள், மணல்மேடே! கேள், மச்சான்! வாற ஞாயிறு பூசை முடிய, உன்ரை கொக்கா றொசாந்தி இருந்த இருப்பிலை இருக்க, நான் உந்த மேட்டிலை ஏறிக் காட்டுவன். அவ ஒரு காலை மணலிலை ஊண்டினா, என்ரை வண்டி உனக்கு!”

“ஓமெண்டு சொன்னன். வண்டித் திறப்பை இப்பவே கழுவி வையுங்கோ.”

“என்னை ஆராவது கேட்டனீங்களே?” என்றாள் றொசாந்தி, மணலைத் துப்பிவிட்டு. சபதக்காரர் இருவருக்கும் அது கேட்கவில்லை.

அன்று பின்னேரமே எஞ்சின் பிளக்கப்பட்டது. அதன் நெஞ்சகம் சிலிண்டர் எனப்படும் இரும்புக்கோட்டை. உள்ளே பிஸ்டன் என்னும் சிற்றரசன் மேலும் கீழும் ஓயாது உலாவருவான். மதிலிலே பெற்றோல் ஆவி புகும் வாசல்களும் எரிந்த புகை போகும் வாசலும் உண்டு. கதவுகளோ காவலரோ இல்லை. அரசன் கீழிறங்கினால் வாசல் திறக்கும், மேலேறினால் மூடும், அவ்வளவே அந்நாட்டின் அரசியல். புகைவாசலின் மேல்விளிம்பை ஒரு மயிரிழை அராவி உயர்த்தினால் மூச்சுத் தாராளமாகி எஞ்சின் மதங்கொள்ளும். அளவு மீறினாலோ, மெல்ல உருளும்போது நோயாளியாயும் கதறி ஓடும்போது பேயாயும் இரட்டைப் பிறவி எடுக்கும். தொப்பியைப் பின்புறமாய்ப் போட்ட ஓர் அமெரிக்கன் இதைப் போனில் ஓடிய வீடியோவிலே சொல்ல, அடைக்கலநாதன் திருப்பித் திருப்பிக் கேட்டு, மயிரிழைக்கு மேலே ஓர் இம்மியும் போகேன் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தான்.

மயிரிழையை அளப்பது எவ்வாறு? வாசலின் வடிவை அச்செடுத்து, அச்சின் மேல்விளிம்பில் மயிரிழை கூட்டி, அது இலகுவாய் உள்ளே புகும்வரை அராவுவதே போர்முறையென வகுத்தான். அச்செடுக்கக் களிமண் வேண்டும். மணல்காட்டிலே களிமண்ணுக்கு எங்கே போவது? மணல் இருக்கிறது, கடல் இருக்கிறது, திரும்பிப் பார்த்தால் மணல் இருக்கிறது. வீரனின் கழுகுக்கண் குசினிக்குள் பாய்ந்தது. அங்கே, மாதா சபைக்காரரின் தேத்தண்ணிக்குப் பணிஸ் சுடவென்று றொசாந்தி குழைத்து ஈரத்துணியால் மூடிவைத்த கோதுமை மா, வெண்மையதாய், மென்மையதாய், ஒரு பாவமும் அறியாததுபோற் கிடந்தது. ஓர் உருண்டை கிள்ளினான். புகைவாசலில் அமுக்கி அச்செடுத்தான். மேல்விளிம்பில் மயிரிழை அப்பினான். காயட்டுமென்று யன்னற்கட்டில் வைத்துவிட்டு நிம்மதியாய்ப் படுத்தான்.

அந்தோ! பணிஸ் மாவிலே ஈஸ்ட் இருந்தது. அவ்வச்சு மூச்செடுத்தது, பிறகு பெருமூச்செடுத்தது, வளர்பிறைபோல் வளர்ந்து, விடிந்ததும் வெயில் குடித்துக் கல்லாய் இறுகியது. மயிரிழையாய்ப் படுத்தது கொண்டையாய் எழும்பியது.

புதன்கிழமை முற்றுகை தொடங்கியது. வளைந்த அரம் வாளாக, எரிந்த எண்ணெய் குருதியாக, இரும்புத்தூள் புழுதியாக, வீரன் அராவினான். அச்சைப் பொருத்தினான், புகவில்லை. “ஜப்பான் இரும்பு, அதுதான் இந்தத் திமிர்” என்று பகைவனை மெச்சி மேலும் அராவினான். கொம்பன் யானை கோட்டைக் கதவைக் குத்தியதுபோல் அராவினான். மருமகள் மாமியாரின் மனத்தை அராவியதுபோல் விடாது அராவினான். அச்சு புகவில்லை.

“இஞ்சேருங்கோ, என்ரை மாவிலை ஓர் உருண்டை குறைஞ்சது. எடுத்தனீங்களே?”

“அளவெடுக்க எடுத்தனான்.”

“எஞ்சினுக்குச் சட்டையோ தைக்கப்போறியள்?”

வியாழன் போயிற்று. வெள்ளி மாலை, கொப்புளம் பூத்த விரல்களால் அவன் தள்ளியபோது, அச்சு ஓசையின்றி உள்ளே புகுந்தது. பிஸ்டனின் ரிங் சிக்காதபடி வாசலின் விளிம்பெல்லாம் குழந்தையின் கன்னம்போல் மழுக்கி, கோட்டையை மீண்டும் எழுப்பினான்.

சனிக்கிழமை வெள்ளோட்டம். படகு எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் நிறுத்தி முறுக்கிப் பார்ப்பதே அவன் தொழிலின் வழக்கம். ஆகவே வண்டியையும் கல்லடுக்கி அந்தரத்தில் தூக்கி வைத்து முறுக்கினான். மணலையே தொடாத சில்லுகளுக்கு நோய் ஏது? சில்லுகள் மறைந்து வட்டங்களாயின. கோழிகள் முட்டையை நடுவழியில் நிறுத்தின. காங்கேசன்துறையிலே கப்பலுக்குக் காத்திருந்தோர், கப்பல் ஊதிவிட்டதென்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர் என்பர். சொன்னவர் கோயில் மணியடிக்கிறவர், பொய் சொல்லமாட்டார்.

“கேட்டியே?” என்றான் வீரன்.

“சத்தம் கேட்டது,” என்றாள் றொசாந்தி. “மேடு ஏறினதை இன்னும் காணேல்லை.”

ஞாயிறு பூசை முடிந்தது. சுவாமியார் ஆசீர் கொடுத்து முடிக்குமுன் சனம் நெற்றிமுட்டியின் அடியில் நிறைந்தது. பூசைக்கு உடுத்த ஊதாச் சேலையைக் கணுக்காலுக்குமேல் அடக்கி, முகத்திலே கல்லறைத் திருநாளின் சாந்தம் தவழ, றொசாந்தி பின்னாலே ஏறி அமர்ந்தாள். றஜிந்தன் உழவு மெசினின் பெட்டிமேல் நின்றான், நன்றாய்த் தெரியவேண்டுமென்று.

வீரன் உதைத்தான், வண்டி உயிர்த்தது. மேட்டடியில் மெல்ல உருண்டது. மெல்ல உருளும் எஞ்சின் நோயாளி அல்லவா? ப்பு... ப்பு... ப்பு... என்று அது நோவு சொல்லிற்று. கால்மேட்டிலேயே தலை சாய்த்தது.

“நான் இறங்கட்டோ?”

“இறங்கினியெண்டால் வண்டி போச்சுது! இரு!”

“அத்தான், தேத்தண்ணி ஏதும் பருக்கிப் பாருங்கோ!” என்றது பெட்டிமேல் நின்ற சிங்கம்.

இனிப் பொறுப்பது வீரமன்று. அடைக்கலநாதன் கிளச்சைப் பிடித்தான், முறுக்கினான், முறுக்கின்மேல் முறுக்கினான். அராவிய வாசல் அகலத் திறந்து அலறியது; நோயாளி செத்தான், பேய் பிறந்தது; அக்கணமே கிளச்சை விட்டான். முன்சில்லுகள் இரண்டும் ஆசீர் கேட்பவைபோல் வானோக்கி எழுந்தன. பின்சில்லுகள் நெற்றிமுட்டியைத் தோண்டிக் கடலிற் கொட்ட முனைந்தன. வில்லினின்று விடுபட்ட அம்பெனவும், கையினின்று வழுகிய விலாங்கு எனவும் வண்டி பாய்ந்தது. ஏறி ஏறி உச்சி தொட்டது, உச்சியில் ஒருமுறை வெள்ளிபோல் மின்னியது, அப்பால் மறைந்தது. எவ்வூர்தியும் ஏறாத வேகத்தில், எவரும் கண்டிராத அழகோடு, நெற்றிமுட்டி வெல்லப்பட்டது.

அதில் ஆட்கள் இல்லை.

கால்மேட்டிலே வீரனும் மனைவியும், முன்னும் பின்னுமாய், வண்டியில் இருந்த அதே ஒழுங்கில், காலை நீட்டி மணலில் அமர்ந்திருந்தனர். வீரனின் கைகள் இன்னும் இல்லாத கைபிடியைப் பிடித்திருந்தன. அப்பால் எங்கோ ஒரு சவுக்கங்கன்று முறிந்த ஓசை எழுந்து அடங்கியது.

“வண்டி ஏறிட்டுது!” என்று முழங்கினான் அடைக்கலநாதன்.

“வண்டி ஏறிச்சுது, நீங்கள் ஏறேல்லை!” என்று முழங்கினான் றஜிந்தன்.

“கொக்கா காலை ஊண்டினவவோ? பார், இருந்த இருப்பிலைதான் இருக்கிறா!”

வழக்கு உண்மையிலேயே சிக்கலாயிருந்தது. மாதா சபைக்காரர் ஒருபுறமும் படகுக்காரர் மறுபுறமுமாய்ப் பிரியத் தொடங்கினர். அப்போது றொசாந்தி தலையில் விழுந்திருந்த மணலைத் தட்டினாள், சேலையை ஒதுக்கினாள், கணவனை ஒருமுறை பார்த்தாள், இரண்டு காலையும் மணலில் ஊன்றி எழுந்து நின்றாள்.

தீர்ப்பு முடிந்தது.

வாக்குத் தவறாத வீரன் மேட்டைக் கால்நடையாய்க் கடந்து, முறிந்த சவுக்கங்கன்றினடியில் புகைந்துகொண்டு கிடந்த வண்டியை நிமிர்த்தி, கண்ணீரை மீசையில் ஒற்றி, மச்சானிடம் ஒப்படைத்தான். வென்றவன் ஆரவாரத்தோடு ஏறினான். ப்பு... ப்பு... என்றது வண்டி. முறுக்கினான். அடுத்த கணம் றஜிந்தன் நாகதாளிப் பற்றைக்குள்ளும் வண்டி அதற்கு அப்பாலும் கிடந்தன. முள்ளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கியபடி அவன் இறுதிப் பிரகடனம் செய்தான்:

“அத்தான், நான் மன்னிச்சிட்டன். நீங்களே வைச்சிருங்கோ.”

“குடுத்த வாக்கு குடுத்ததுதான். அது உன்ரை.”

“வேண்டாம் எண்டுறன்!”

“நானும் வேண்டாம் எண்டுறன்!”

இவ்வண்ணம், வென்றவன் கொள்ளாததும், தோற்றவன் மீட்காததும், நெற்றிமுட்டியைத் தனித்து வென்ற தன்னேரில்லாப் புகழுடையதும், அலறும் வாசலுடையதும், ஆளேற அஞ்சுவதுமாகிய அவ்வீர ஊர்தி, பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய பெருமையெல்லாம் தன் மேனியிலே தாங்கி, அடைக்கலநாதன் வளவின் கிடுகு வேலியோரம், வடகீழ்க் காற்றை மார்பில் ஏற்று, கைபிடி இரண்டையும் அகல விரித்து நிற்கலாயிற்று.

இப்ப றொசாந்தி அதிலை உடுப்புக் காயப்போடுகிறாள்.